நாளை வா

ஆவணி முகூர்த்தம் அத்தனையும்
ஆடியில்தான் அச்சேறும்.
ஊருக்கெல்லாம் மந்தமான மாதத்தில்
சுல்தான்பேட்டைச் சந்தில் எங்களுக்குத்
தூக்கம் கிடையாது.

திங்கள் காலை
மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே
புட்டராஜு ஃபைல் கேட்டான்.
திறந்தேன்.
மணமகள் பெயர் இருந்த இடத்தில்
சதுரம் சதுரமாய் என்னவோ.
மணமகன் பெயரும் அதே சதுரம்.
பத்துக்குப் பத்துப் பொருத்தம்.

ஒரே ஒரு ஃபைல் ஒழுங்காய்த் திறந்தது.
அது நாங்கள் அடித்ததல்ல.
அதுவும் ஒருவகை அழைப்பிதழ்தான்:
நாள் குறித்திருந்தது, நேரம் குறித்திருந்தது,
மொய் எவ்வளவு என்பதையும்
டாலரில் குறித்திருந்தது.
'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று
நாங்கள் போடும் இடத்தில்
பெயர்தான் இல்லை.

கிருபாகரன் சார்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.
பாதி அட்வான்ஸ் கொடுத்தால்
பாதி ஃபைல் தருவானா, கேள் என்றார்.
முப்பது வருடத் தொழில் பேசியது.

எஸ்.பி. ரோட்டிலிருந்து முபீனா வந்தாள்.
ஈரக் குடையை மடக்குமுன்பே சொன்னாள்,
காசு கட்டாதீர்கள்.
நெட் ஒயரை உருவி என் மடியில் போட்டாள்.
பேக்கப் இருக்கிறதா?
இருக்கிறதே! கறுப்பு டிஸ்க்.
எங்கே?
அதோ, கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கிறது,
வாங்கிய நாளிலிருந்து.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரே தீயில் வீடும் போய்
வீட்டுப் பத்திரமும் போன கதை.

எந்த மெயில் என்று தேடினாள்.
சனிக்கிழமை சாயங்காலம்:
'இரண்டாயிரம் கார்டு, அவசரம், மேட்டர் இணைத்துள்ளேன்.'
யார் திறந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
சரியாகத் திறக்கவில்லையே என்று
மாற்றி மாற்றி
நாலு பேரும் திறந்திருந்தோம்.
நூறு கார்டுக்கே பேரம் பேசுகிற காலத்தில்
இரண்டாயிரம் என்றால்
எமன் அனுப்பியிருந்தாலும் திறப்போம்.

அப்டேட்?

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

தினமும் பதினொரு மணி டீயோடு
திரையின் வலது மூலையில்
நீலமாய் ஒரு பெட்டி எழும்.
'நாளை நினைவூட்டு' என்பதை அழுத்துவேன்.
மரியாதையாய்ப் போய்விடும்.
மறுநாள் வரும்.
இப்படி நூற்றுச் சொச்சம் நாள்.

புட்டராஜு கையைத் துடைத்துக்கொண்டு
அவன் கன்னடத்தில் சொன்னான்:
நான் சின்னப் பையனா இருந்தப்ப
ஸ்ரீராம்புரத்துல எல்லாக் கதவுலயும்
சாக்பீஸால எழுதியிருக்கும், 'நாளே பா'.
ராத்திரி கதவு தட்ற பேய்
படிச்சுட்டுத் திரும்பிப் போயிடும்.
மறுநாளும் வந்து அதையே படிக்கும்.
நீங்க ஆளை மாத்திட்டீங்க மேடம்.
பேயை உள்ள விட்டுட்டு
வாட்ச்மேனை நாளே பான்னு அனுப்பிட்டீங்க.

நாற்பத்தோரு கார்டு.
புரூஃப் எல்லாம் வாட்ஸ்அப்பில் போனவை.
ஒவ்வொரு வீடாய்க் கூப்பிட்டோம்,
நாங்கள் அனுப்பியதைத் திருப்பி அனுப்புங்கள்.
கெங்கேரியில் ஒரு பெண்வீட்டார் மட்டும்
வேண்டாம்மா, அது நின்னுபோச்சு என்றார்கள்.
எங்களுக்குச் சொல்ல மறந்திருக்கிறார்கள்.
அந்த இரண்டு பெயரும் இனி
யாராலும் திறக்க முடியாத ஒரு ஃபைலில் மட்டும்
பக்கத்தில் பக்கத்தில்.

மூன்று இரவு அடித்தேன்.
ஒரு தாய்மாமன் பெயர் விட்டுப்போய்
சண்டை வந்தது, அது வேறு.

இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால்
டிஸ்க்கைக் கழற்றி
டிபன் பையில் வீட்டுக்கு எடுத்துப்போகிறார் சார்.
ரசம் பட்டால் என்ன ஆகும் என்று
முபீனாவுக்கு போன் போட்டும் கேட்டாராம்.

திரையோரம்
'அச்சகம்123' என்று
பாஸ்வேர்டு ஒட்டியிருந்த அதே இடத்தில்
புட்டராஜு ஒரு துண்டு அட்டை ஒட்டியிருக்கிறான்.
மிச்சமிருந்த தங்க மசியில், கன்னட எழுத்தில்,
நீலப் பெட்டிக்கு:
இவத்தே பா.

இன்றைக்கே வா.